செல்லரித்ததும் உளுத்ததும்

நபி ஸுலைமான் (அலை) அவர்கள் மறைந்த செய்தியை முதன்முதலில் வெளிப்படுத்தியது ஒரு சின்னஞ்சிறு பூச்சி. திருக்குர்ஆனின் 34-ஆம் அத்தியாயமாகிய ஸபஉவில், 14-ஆம் வசனத்தில் இவ்வரலாறு இடம்பெற்றுள்ளது. ஊன்றுகோலில் சாய்ந்த நிலையிலேயே அவர்களின் உயிர் பிரிந்தது என்றும், அவர்கள் உயிருடன் நின்று கண்காணிப்பதாக எண்ணிய ஜின்கள் தம் கடும் பணியைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தன என்றும் விரிவுரையாளர்கள் எழுதுவர். பூமியின் அச்சிற்றுயிர் கோலை அரித்து அரித்து, அது முறிந்து, திருவுடல் சாய்ந்த பின்னரே ஜின்களுக்கு உண்மை புலப்பட்டது. மறைவானவற்றை ஜின்கள் அறியமாட்டா என்பதற்கே அறிஞர்கள் இவ்வசனத்தைச் சான்று காட்டுவர். அதுவே இதன் நோக்கம் என்பதில் ஐயமில்லை. எனினும், மரத்தைப் பற்றி ஆராயப் புகுவோருக்கு இதிலே இன்னொன்றும் தென்படுகிறது. முறியும் நாள் வரையில் அந்தக் கோல் பார்வைக்குக் கோலாகவே இருந்தது என்பதே அது.

அரபு மொழியில் கறையானுக்கு ‘அரளா’ என்று பெயர். பூமியைக் குறிக்கும் ‘அர்ள்’ என்னும் சொல்லோடு உறவுடைய சொல் இது. இஸ்லாமிய வரலாற்றில் இப்பூச்சி இன்னோர் இடத்திலும் தலைகாட்டுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் குலத்தாரோடு கொடுக்கல் வாங்கலும் மண உறவும் கூடாதெனக் குறைஷியர் எழுதிக் கஃபாவினுள் தொங்கவிட்ட ஒப்பந்த ஏட்டை அரித்துத் தின்றது இதுவே என்பது ஸீரா நூல்கள் தரும் செய்தி. ஹிஜ்ரி 808-இல் (கி.பி. 1405) மறைந்த தமீரீ என்னும் எகிப்திய அறிஞர், தம் ‘ஹயாத்துல் ஹயவான்’ என்னும் பெருநூலில் அரளாவுக்குத் தனித் தலைப்பே கொடுத்திருக்கிறார். பருவம் வந்ததும் அதற்குச் சிறகு முளைக்கும் என்றும், எறும்பு அதன் பகை என்றும் அதில் காண்கிறோம். இரண்டும் சரியே. மழை விட்ட மாலையில் விளக்கைச் சுற்றும் ஈசல், சிறகு முளைத்த கறையானன்றி வேறென்ன?

நம் தமிழோ மரத்துக்கு நேரும் கேட்டைக் குறிக்கத் தனித்தனிச் சொற்களையே வைத்திருக்கிறது. கறையான் தின்றால் ‘செல்லரித்தது’ என்கிறோம். வண்டின் புழு துளைத்து மாவாக்கினால் ‘உளுத்தது’ என்கிறோம். ஈரம் தங்கிப் பூஞ்சை பற்றினால் ‘மக்கியது’ அல்லது ‘இற்றது’ என்கிறோம். இம்மூன்றும் வெவ்வேறு நோய்கள். அவற்றின் காரணங்களும் வேறு; மருந்தும் வேறு. ஆனால் இன்று வீட்டு உத்தரத்தில் நான்கு துளைகளைக் கண்டுவிட்டால், ‘மரமெல்லாம் உளுத்துப் போய்விட்டது, இடித்துவிட்டுக் கான்கிரீட் போடலாம்’ என்று ஒரே மூச்சில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். இன்னோரிடத்தில், முனை முழுவதும் மக்கிப்போன விட்டத்துக்கு எனாமல் வண்ணம் பூசி, அதன் கீழே பிள்ளைகளை உட்காரவைத்து ஓதிக்கொடுக்கிறோம். இரண்டும் ஒரே அறியாமையின் இரு முகங்கள். நோயை இன்னதென்று இனங்காணும் கலை எப்படி வளர்ந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். அதற்கு ஒரு புகழ்பெற்ற கூரையின் வரலாறு நமக்குத் துணைசெய்யும்.

இலண்டன் மாநகரில் பாராளுமன்றக் கட்டிடத்தை ஒட்டி வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம் நிற்கிறது. அதன் சுவர்கள் 1097-ஆம் ஆண்டளவில் எழுந்தவை. இன்றுள்ள மரக்கூரையோ இரண்டாம் ரிச்சர்டு மன்னன் காலத்தில் 1393-இல் தொடங்கிச் சில ஆண்டுகளில் முடிக்கப்பட்டது. ஹியூ ஹெர்லாண்ட் என்னும் அரசுத் தச்சர் அதன் தலைவர். 68 அடி அகலமும் 240 அடி நீளமும் கொண்ட அம்மண்டபத்தின் நடுவே ஒரு தூண்கூட இல்லை. ஓக் மரத்தால் ஆன வளைவுகளும் சட்டங்களும் ஒன்றையொன்று தாங்கி, முழுப் பாரத்தையும் சுவருக்குக் கொண்டுசேர்க்கின்றன. மரத்தின் எடை மட்டும் ஏறத்தாழ 660 டன். ஐரோப்பாவின் தச்சுக் கலைக்கு இதனினும் பெரிய சான்று காண்பது அரிது.

இக்கூரையைப் பற்றி மக்களிடையே ஒரு கதை நெடுங்காலம் வழங்கிவந்தது. இது அயர்லாந்து நாட்டு ஓக் மரம். ஆகையால் சிலந்தியும் இதில் வலை கட்டாது, பூச்சியும் அணுகாது என்பது அக்கதை. உண்மையில் மரம் இங்கிலாந்தில் வெட்டியதுதான். கதையின் பிடியில் இருந்தவர்கள் கூரையை அண்ணாந்து பார்த்து வியந்தனரேயன்றி, அருகே ஏறிப் பார்க்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அரசாங்கக் கட்டிடங்களைப் பேணும் துறையைச் சேர்ந்த ஃபிராங்க் பேய்ன்ஸ் என்னும் கட்டிடக் கலைஞரிடம் இக்கூரையை ஆராயும் பொறுப்பு வந்தது. அவர் சாரம் கட்டி ஏறினார். மரங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து வரைபடம் எழுதினார். 1914-இல் அவர் அளித்த அறிக்கை பாராளுமன்றத்தைத் திகைக்கச் செய்தது. வெளியே முழு மரமாகத் தோன்றிய பெருஞ்சட்டங்களின் உள்ளே பெரும் பொந்துகள் இருந்தன. ஒரு மரத்தின் நாக்கு மற்றொரு மரத்தின் துளையில் இறங்கிப் பூட்டும் பொருத்துகள்தாம் இத்தகைய கூரைக்கு உயிர். அப்பொருத்துகள் பலவற்றில் மரமே எஞ்சியிருக்கவில்லை. ஸுலைமான் (அலை) அவர்களின் கோல் நமக்கு நினைவுக்கு வருகிறதல்லவா?

இத்தனைக்கும் காரணமான பூச்சி கறையான் அன்று. அது ஏறத்தாழக் கால் அங்குல நீளமே உள்ள ஒரு பழுப்பு வண்டு. அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழாக்கினால் ‘சாக்காட்டுக் காவல் வண்டு’ எனலாம். இப்பெயர் வந்த விதம் வேடிக்கையானது. இளவேனிற் காலத்தில் இணையை அழைப்பதற்காக இவ்வண்டு தன் தலையை மரத்தில் மோதி ஒலியெழுப்பும். ஆறேழு தட்டு, பிறகு நிசப்தம், மீண்டும் ஆறேழு தட்டு. நோயாளியின் படுக்கையருகே இரவெல்லாம் விழித்திருப்பவர்களின் காதில் நடுநிசியில் இவ்வொலி விழும். உடனே, வீட்டில் ஒரு சாவு விழப்போகிறது என்று நடுங்குவார்கள். தாமஸ் பிரௌன் என்னும் மருத்துவ அறிஞர் 1646-இல் வெளியிட்ட நூலில், மக்கள் நம்பும் பொய்களின் வரிசையில் இதனையும் சேர்த்துக் கண்டித்தார். நம்பிக்கை அதன் பிறகும் போகவில்லை. பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கும் வழக்கம் நம் வீடுகளை விட்டே இன்னும் முழுமையாகப் போகாதபோது, அவர்களை மட்டும் நாம் எப்படிக் குறை கூறுவது? சகுனம் பார்ப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துரைத்த ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. வண்டின் தட்டொலியை மரணத்தின் அழைப்பாகக் கேட்டவர்கள், அது உண்மையில் சொல்லிய செய்தியைக் கேட்கத் தவறினார்கள். இந்த மரத்தில் நான் உயிரோடு இருக்கிறேன் என்பதே அச்செய்தி.

இனி அவ்வண்டின் வாழ்வை நோக்குவோம். மரத்தின் வெடிப்பிலோ பழைய துளையிலோ அது முட்டையிடும். வெளிவரும் புழு மரத்தினுள் நுழைந்து ஐந்து ஆண்டுகள், பத்து ஆண்டுகள், சில வேளைகளில் அதற்கும் மேலாகத் தின்றுகொண்டே இருக்கும். பிறகு வண்டாகிச் சற்றேறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு அங்குல விட்டமுள்ள வட்டத் துளையிட்டு வெளியேறும். ஆக, நாம் காணும் துளை பூச்சி நுழைந்த வாசல் அன்று. வேலையை முடித்துக்கொண்டு புறப்பட்ட வாசல். துளையைக் கண்டு மருந்தைப் பீச்சுபவர், திருடன் போனபின் கதவைப் பூட்டுபவர்.

பேய்ன்ஸ் காலத்தில் மருந்து தேடும் பணிக்கு அழைக்கப்பட்டவர் ஹெரால்ட் மாக்ஸ்வெல்-லெஃப்ராய் என்னும் பூச்சியியல் பேராசிரியர். இவர் இந்தியாவுக்கு அறிமுகமானவர். பீகாரிலுள்ள பூஸா ஆராய்ச்சி நிலையத்தில் அரசாங்கப் பூச்சியியலாளராகப் பணியாற்றி, இந்தியப் பூச்சிகளைப் பற்றி 1906-இலும் 1909-இலும் பெருநூல்கள் எழுதியவர். இலண்டன் திரும்பியபின் அம்மண்டபத்து வண்டுக்காகப் பல கலவைகளைச் சோதித்தார். அம்முயற்சியிலிருந்து 1925-இல் தோன்றிய சிறு வணிக நிறுவனமே இன்று உலகெங்கும் கிளைவிரித்துள்ள ரென்டோகில். அதே ஆண்டு அக்டோபர் மாதம், ஆய்வுக்கூடத்தில் பூச்சிகொல்லும் நச்சு வாயு ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தபோது அதனைத் தாமே சுவாசித்து, சில நாட்களில் அவர் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பதுகூட நிரம்பவில்லை.

பேய்ன்ஸ் கூரையை இடிக்கவில்லை என்பதே நாம் இங்கே வற்புறுத்திச் சொல்ல விரும்பும் செய்தி. எந்த மரம் எவ்வளவு போயிற்று என்பதைத் துல்லியமாக அறிந்திருந்தமையால், எது மீதமிருக்கிறது என்பதையும் அவரால் அறிய முடிந்தது. கீழிருந்து பார்ப்போர் கண்ணுக்குப் படாதபடி எஃகுச் சட்டங்களை மரத்துக்குள்ளும் பின்னும் செலுத்திப் பாரத்தை அவற்றின் மேல் ஏற்றினார். இயன்ற இடமெல்லாம் பழைய மரத்தையே நிறுத்தினார். முதல் உலகப் போரின் இடையூறுகளையும் கடந்து 1923-இல் பணி முடிந்தது. 1941 மே மாதம் ஜெர்மானியர் வீசிய குண்டுகளால் பாராளுமன்ற மன்றம் எரிந்து சாம்பலானபோது, தீயணைப்போர் அதனைக் கைவிட்டு இக்கூரையைக் காத்தனர்.

ஆனால் ஒரு கேள்வி எஞ்சியிருந்தது. ஒரே கூரையில் ஒரு சட்டம் பொந்தாகிப்போக, அடுத்த சட்டம் அறுநூறு ஆண்டுகளாகப் பழுதின்றி நிற்பதேன்? 1930-களில் ஃபிஷர் என்னும் ஆய்வாளர் நடத்திய சோதனைகள் இதற்கு விடை தந்தன. பூஞ்சை பற்றி இளகிய ஓக் மரத்தில் அவ்வண்டின் புழு விரைவாக வளர்கிறது. காய்ந்து கெட்டியான மரத்தில் திணறுகிறது. அப்படியானால் முதற்குற்றவாளி வண்டு அன்று. கூரையில் ஒழுகிச் சுவர்முனையில் தங்கிய நீர். நீர் வந்தது, பூஞ்சை வந்தது, பின்னரே வண்டு வந்தது. பூச்சிமருந்தை மேலே தெளித்து உள்ளே ஈரத்தை விட்டுவைத்தவர்கள் ஐரோப்பாவில் எத்தனையோ பேர். மருந்து மேற்பரப்பில் நின்றுவிட, புழு ஆழத்தில் தன் உணவைத் தொடர்ந்தது.

பூஞ்சையின் வன்மைக்குக் கப்பல்களின் வரலாறு ஒரு கசப்பான சான்று. ‘குவீன் சார்லட்’ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் 1810-இல் நீரில் இறக்கப்பட்டது. எந்தப் போருக்கும் செல்லும் முன்பே அதன் மரங்கள் மக்கத் தொடங்கின. நன்கு உலராத பச்சை மரமும், காற்றோட்டமில்லாத அடித்தளமும் காரணம். பூஞ்சைகளைப் படமெழுதுவதில் பேர்பெற்ற ஜேம்ஸ் சவர்பியை அழைத்து ஆராயச் சொல்லும் அளவுக்கு அது தேசியக் கவலையாயிற்று. அதே காலத்தில், மலபார்த் தேக்கைக் கொண்டு பம்பாயில் வாடியா குடும்பத்தார் கட்டிய ‘திரிங்கோமாலி’ என்னும் கப்பல் 1817-இல் மிதந்தது. திருகோணமலையின் பெயர் தாங்கிய அக்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் காட்சிக்கு நிற்கிறது. தேக்கின் வைரத்தில் உள்ள எண்ணெய்ச் சத்து பூஞ்சைக்கும் கறையானுக்கும் எளிதில் இடங்கொடுப்பதில்லை. ஆனால் தேக்கேயானாலும் வைரத்தைச் சூழ்ந்த வெளிறிய பகுதிக்கு இச்சிறப்பு கிடையாது. தேக்கு என்று சொல்லி விற்றார்கள் என்பதற்காக மனம் சாந்தியடைந்துவிடக் கூடாது.

வீடுகளை அழிக்கும் பூஞ்சைகளுள் ஐரோப்பியர் மிகவும் அஞ்சுவது ஒன்றுண்டு. அதன் இலத்தீன் பெயரில் ‘கண்ணீர் சிந்துவது’ என்னும் பொருள் அடங்கியுள்ளது. வளரும்போது அதன்மேல் நீர்த்துளிகள் முத்துமுத்தாக நிற்பதால் அப்பெயர். நூலிழை போன்ற வேர்களைச் சுவரின் காரைக்குள்ளும் செலுத்தி, ஓரிடத்து ஈரத்தை வேறிடத்துக்குக் கொண்டுசெல்ல வல்லது. இமயமலைக் காடுகளில் இது இயற்கையாக வளரக் கண்டிருக்கிறார்கள். வெப்பம் தாளாத பூஞ்சையாதலின் நம் சமவெளிகளில் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. வேறு பூஞ்சைகள் நமக்குப் போதும்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும், தேக்குச் சட்டங்களை நெருக்கமாக அடுக்கி, அதன்மேல் செங்கலைக் குத்துவாட்டில் சுண்ணாம்புடன் பாவி எழுப்பிய மச்சுகளைக் காண்கிறோம். மலபாரிலோ கூரையே மரத்தால் அடுக்கடுக்காக உயர்ந்திருக்கும். 1510-இல் போர்ச்சுகீசியர் தீவைத்ததும் அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் செப்பனிடப்பட்டதுமான கோழிக்கோடு மிஸ்கால் பள்ளி அதற்குப் பேர்போனது. இத்தகைய கட்டிடங்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் கண்ணுக்கு நேரே இருக்கும் நடுப்பகுதி அன்று. உத்தரம் சுவருக்குள் புதையும் முனையே. ஒழுகும் நீர் சேருமிடம் அது. காற்றுப் புகாத இடமும் அதுதான்.

கறையானின் அடையாளம் மண். சுவரின் மேல் கோடிழுத்தாற்போல் ஏறும் மண்குழாயை உடைத்துப் பார்த்து, மறுநாள் அது மீண்டும் அடைபட்டிருந்தால் உள்ளே கூட்டம் இருக்கிறதென்று பொருள். மேல்தோலை மட்டும் காகிதம்போல் விட்டுவைத்து உள்ளே அடுக்கடுக்காகத் தின்றுவிடும். தட்டினால் மரம் டொக்கென்று ஒலிக்கும். மண்ணே காட்டாத கறையானும் உண்டு. காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருந்து, கசகசாவைப் போன்ற பொடிமணிகளைக் கீழே உதிர்க்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் ஒவ்வொரு மணிக்கும் ஆறு பட்டைகள் இருக்கும். கடற்கரை ஊர்களில் இதைக் கண்டு, வண்டின் வேலை என மயங்குவோர் பலர்.

வண்டின் அடையாளம் வட்டத் துளையும் தூளும். தொட்டால் முகப்பூச்சு மாவைப்போல் வழுவழுப்பாக இருந்தால், அது வெளிறிய மரத்தையும் மூங்கிலையும் தின்னும் சிறு வண்டு. வைரத்தில் அதற்கு வேலையில்லை. ஆகவே நல்ல தேக்கு உத்தரத்தின் ஓரத்தில் மட்டும் இத்துளைகள் இருந்தால், போனது ஓரம், உத்தரம் அன்று. சாக்காட்டுக் காவல் வண்டின் கழிவோ பணியாரம் போன்ற சிறு வில்லைகள். அது குளிர்நாட்டு ஓக்குக்குரியது. கைமரத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒற்றைத் துளையிட்டு ரீங்கரிக்கும் கருவண்டு மரத்தைத் தின்பதே இல்லை. கூடு கட்டக் குடைகிறது. அதற்காகக் கூரையைப் பிரிக்க வேண்டியதில்லை.

பூஞ்சையின் அடையாளத்துக்குக் குத்தூசி போதும். நல்ல மரத்தில் குத்தி நெம்பினால் நீண்ட சிராய் ஒன்று படீரென்று கிளம்பும். மக்கிய மரத்தில் அது குறுக்கே ஒடிந்து, ஓசையின்றி உதிரும். பழுப்பேறிச் சதுரம் சதுரமாக வெடித்திருந்தால் ஒரு வகை. வெளுத்து நார்நாராகப் பிரிந்தால் மற்றொரு வகை. இரண்டிலும் வலு போய்விட்டது. மேலே படர்ந்த கரும்பாசி மட்டும் இருந்தால் துடைத்துவிட்டு ஒழுக்கை அடைத்தால் போதும். மரத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவாக ஈரம் இருக்கும்வரை எப்பூஞ்சையும் வளர இயலாது.

மரத்தை மாற்றவே கூடாதென்று நாம் வாதிடவில்லை. புனித கஃபாவின் கூரைக்குக் குறைஷியர் பயன்படுத்தியது செங்கடற்கரையில் உடைந்த கப்பலின் மரத்தை. ஹிஜ்ரி 64-இல் தீப்பட்ட பின் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் அதனைப் புதுப்பித்து உள்ளே மூன்று மரத்தூண்களை நிறுவினார்கள். 1996-இல் நடந்த பெரும் செப்பனிடலில் கூரையும் தூண்களும் புதிய மரத்தால் மாற்றப்பட்டன. வலு போனதை மாற்றுவது கடமை. நமது வருத்தமெல்லாம், முன்னோர் கப்பலில் கொணர்ந்த மரத்தால் இழைத்த மச்சுகளை, எவரும் ஏணி வைத்து ஏறிப் பாராமலே, ஜமாஅத் கூட்டத்தில் அரைமணி நேரத்தில் தள்ளிவிடுகிறோமே என்பதுதான். அப்படி இடித்த ஓரிடத்தில் இறக்கிய உத்தரங்களை நாம் கண்டோம். வாங்கியவர் அறுத்துப் பார்த்தபோது உள்ளே பொன்னிறத்தில் வைரம் இருந்தது. முனைகளில் ஒரு சாண் மட்டுமே மக்கியிருந்தது.

துளைகள் பழையனவா புதியனவா என்று தெரியாமல் தயங்குவோருக்குச் செலவில்லாத முறை ஒன்றுண்டு. பழைய துளையின் உட்புறம் கருத்துத் தூசி படிந்திருக்கும். புதியது வெட்டிய மரம்போல் வெளிறியிருக்கும். அதிலும் ஐயமிருந்தால், துளைகளைத் துடைத்துவிட்டு மெல்லிய காகிதத்தைப் பசையால் அவற்றின்மேல் இறுக ஒட்டி, ஓரத்தில் தேதியை எழுதிவைக்கலாம். உள்ளே உயிருள்ள வண்டு இருந்தால் காகிதத்தையும் துளைத்துக்கொண்டுதான் வெளிவர வேண்டும். ஓராண்டு கழித்து ஏணியை எடுத்துச்சென்று பார்த்துக்கொள்ளலாம்.